ஐந்து தோட்டாவா, பதினொன்றா?

அமெரிக்காவில் க்ரீன் கார்டு வாங்கி, வீடும் வாங்கிவிட்ட நம்மாட்களில் சிலருக்கு அடுத்ததாக ஒரு கேள்வி வருகிறது. "துப்பாக்கி ஒண்ணு வாங்கி வச்சுக்கலாமா?" டெக்சஸில் நைட் ஷிப்ட் பார்க்கும் நர்ஸ் தோழி ஒருத்தி ஒரு படி மேலே போய், "ரிவால்வரா பிஸ்டலா, கைப்பையில வச்சுக்க எது நல்லது?" என்றே கேட்டுவிட்டாள். ஆளில்லாத பார்க்கிங்கில் தனியாகக் கார் வரைக்கும் நடக்கிறவளுடைய பயம் அது. அதைச் சிரித்து ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை.

என்னிடம் துப்பாக்கி கிடையாது. ஆனால் ஒரு கேள்வி காதில் விழுந்துவிட்டால் தோண்டாமல் தூங்க முடியாது என்பது இந்தப் பக்கம் வந்து போகிறவர்களுக்குத் தெரியும். தோண்டியதில் கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சட்டம் எங்கே நிற்கிறது?

சட்டைக்குள்ளோ பையிலோ துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வது அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு விஷயம். வெர்மான்ட் மாநிலம் இதற்கு லைசென்ஸே கேட்டதில்லை. ஃப்ளோரிடா 1987-ல் ஒரு சட்டம் போட்டது. தகுதி உள்ளவர் கேட்டால் அதிகாரி கொடுத்தே ஆகவேண்டும், "உனக்கு எதுக்கு?" என்று கேட்கக்கூடாது. அதைப் பார்த்து மற்ற மாநிலங்களும் வரிசையாக வந்தன.

டெக்சஸ் இந்தப் பாதைக்கு வந்த கதை கொஞ்சம் கனமானது. 1991 அக்டோபர் 16 அன்று கில்லீன் நகரில் ஒரு உணவகத்துக்குள் பிக்கப் வண்டியை மோதி நுழைந்த ஒருவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றான். அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த சூசானா ஹப் என்பவரிடம் துப்பாக்கி இருந்தது. ஆனால் கையில் இல்லை, காரில் இருந்தது. மறைத்து எடுத்து வருவது அப்போது சட்டவிரோதம் என்பதால் வைத்துவிட்டு வந்திருந்தார். அவருடைய அப்பாவும் அம்மாவும் அங்கே இறந்தார்கள். அதன்பிறகு அவர் இந்தச் சட்டத்தை மாற்றவே ஊர் ஊராகப் பேசினார், சட்டமன்ற உறுப்பினராகவும் ஆனார். டெக்சஸ் 1995-ல் லைசென்ஸ் முறையைக் கொண்டுவந்தது. 2021-ல் லைசென்ஸே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. இன்று பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் இதே நிலைதான். 2022-ல் உச்ச நீதிமன்றம் ப்ரூயன் வழக்கில், "தனியான காரணம் காட்டு" என்று கேட்கும் நியூயார்க் விதியையும் ரத்து செய்துவிட்டது.

ஆக, சட்டப்படி வாங்கலாம் என்று ஆன பிறகு கடைக்காரர் முன்னால் நிற்கும்போது வருகிற கேள்விதான் ரிவால்வரா, பிஸ்டலா என்பது.

இரண்டுக்கும் உள்ளே என்ன நடக்கிறது

ரிவால்வர் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நடுவில் ஒரு உருளை. அதில் ஐந்தோ ஆறோ ஓட்டை, ஓட்டைக்கு ஒரு தோட்டா. ட்ரிகரை இழுத்தால் உருளை ஒரு ஓட்டை அளவு சுற்றி, அடுத்த தோட்டாவைக் குழலுக்கு நேராகக் கொண்டுவருகிறது. அதே இழுப்பில் சுத்தியலும் பின்னால் போய்த் திரும்பி வந்து அடிக்கிறது. எல்லா வேலையையும் செய்வது உங்கள் விரல்தான். சாமுவேல் கோல்ட் 1836-ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கிய யோசனை இது. அவருடைய துப்பாக்கியில் சுத்தியலைக் கட்டைவிரலால் ஒவ்வொரு தடவையும் பின்னுக்கு இழுக்க வேண்டும். அந்த வேலையையும் ட்ரிகரே செய்துகொள்ளும் ஏற்பாடுதான் இன்றைய பாக்கெட் ரிவால்வரில் இருப்பது.

செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் ஒரு டப்பாவில், அதாவது மேகசினில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருக்கும். கீழே ஸ்பிரிங். சுட்டதும் வருகிற பின்னுதைப்பு மேலே இருக்கும் ஸ்லைடைப் பின்னால் தள்ளுகிறது. போகிற போக்கில் அது காலிக் கூட்டை வெளியே எறிகிறது, திரும்பி வரும்போது அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றுகிறது. ட்ரிகரை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டாதான் போகும். சினிமாவில் வருவதுபோல விடாமல் சடசடவென்று போகாது.

இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும். ரிவால்வர் உங்கள் விரலின் பலத்தில் ஓடுகிற யந்திரம். பிஸ்டல் முந்தின தோட்டாவின் பலத்தில் ஓடுகிற யந்திரம். கீழே வருகிற நல்லது கெட்டதில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் வருகின்றன.

சின்ன ரிவால்வரின் காலம், சின்ன பிஸ்டலின் காலம்

கோல்ட் கம்பெனி 1927-ல் டிடெக்டிவ் ஸ்பெஷல் என்று ஒரு குட்டிக் குழல் ரிவால்வரை விற்றது. ஆறு தோட்டா. 1950-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அதைவிடச் சின்னதாக, ஐந்து தோட்டாவோடு சீஃப்ஸ் ஸ்பெஷல் கொண்டுவந்தது. காவல்துறைத் தலைவர்கள் மாநாட்டில் அறிமுகம் செய்ததால் அந்தப் பெயர். அந்தக் குடும்பத்துக்கு ஜே ஃப்ரேம் என்று பெயர். 75 வருஷம் ஆகியும் இன்னும் விற்கிறது. இன்று கடையில் அதிகம் கேட்கப்படும் 642 மாடலில் சுத்தியல் உடம்புக்குள்ளேயே மறைந்திருக்கும், எடை அரைக்கிலோவுக்கும் நன்றாகக் குறைவு.

போலீஸ்காரர்கள் ரிவால்வரிலிருந்து பிஸ்டலுக்கு மாறியதற்குக் காரணம் கேட்டால் எல்லோரும் ஒரு தேதியைச் சொல்வார்கள்: 1986 ஏப்ரல் 11, மயாமி. வங்கிக் கொள்ளையர் இருவரை எட்டு எஃப்.பி.ஐ அதிகாரிகள் மடக்கினார்கள். ஐந்து நிமிடம்கூட நீடிக்காத சண்டையில் பெஞ்சமின் க்ரோகன், ஜெரால்ட் டவ் என்ற இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள், ஐந்து பேர் காயப்பட்டார்கள். காயம்பட்ட கையோடு ரிவால்வரில் ஒவ்வொரு தோட்டாவாக நிரப்ப முடியாமல் தவித்தவர்களும் அதில் இருந்தார்கள். அதன்பிறகு எஃப்.பி.ஐ ரிவால்வரைக் கைவிட்டு பிஸ்டலுக்குப் போனது. நாடு முழுக்கப் போலீஸ் துறைகளும் அந்தத் திசையில் நகர்ந்தன. நியூயார்க் போலீஸ் 1993-ல் 9 மி.மீ பிஸ்டலை அனுமதித்தது.

ஆனால் இந்தக் கதையை முழுசாகப் படித்தால் அது அவ்வளவு சுத்தமான பாடம் இல்லை. டவ் கையில் இருந்தது ரிவால்வர் அல்ல, 9 மி.மீ பிஸ்டல். எதிரியின் தோட்டா பட்டு அந்தப் பிஸ்டல் செயலிழந்து போனது. அவர் சுட்ட ஒரு தோட்டா கொள்ளையனின் கை வழியாக மார்புக்குள் போய், இதயத்தைத் தொடாமல் நின்றுவிட்டது. கடைசியில் இருவரையும் சுட்டுச் சண்டையை முடித்த எட்மண்டோ மிரெலெஸ் கையில் இருந்தது ரிவால்வர்! எதிரில் இருந்தவனிடம் ரைஃபிள் இருந்தது என்பதுதான் உண்மையான வித்தியாசம். ஒரு சம்பவத்தை வைத்து ஆயுதம் தேர்ந்தெடுக்கக்கூடாது என்பதுதான் எனக்கு அதில் தெரிந்த பாடம்.

பொதுமக்கள் பக்கம் கதை வேறு மாதிரி. 1994-ல் வந்த மத்திய சட்டம், புதிதாகத் தயாரிக்கும் மேகசினில் பத்துக்கு மேல் தோட்டா கூடாது என்றது (2004-ல் காலாவதியானது). பத்துதான் என்றால் பெரிய பிஸ்டல் எதுக்கு என்று கம்பெனிகள் அளவைக் குறைக்க ஆரம்பித்தன. 2008-ல் ரூகர் எல்.சி.பி வந்தது. ஒரு பெரிய செல்போன் அளவு எடை, தோட்டாவும் சின்னது. 2018-ல் சிக் சாவர் பி365 வந்து கணக்கையே மாற்றியது. ஒரு அங்குலத் தடிமன், அரைக்கிலோ எடை, மேகசினில் பத்து, குழலில் ஒன்று. அதே பாக்கெட்டில் ஐந்து தோட்டா வைத்திருந்த ரிவால்வருக்கு அன்றிலிருந்து கஷ்டகாலம்.

ரிவால்வருக்குச் சாதகமானவை

ஒன்று: தோட்டா வெடிக்கவில்லையா? திரும்ப ட்ரிகரை இழுங்கள், அடுத்தது வந்து நிற்கும். யோசிக்க ஒன்றுமில்லை.

இரண்டு: ஸ்லைடைப் பின்னால் இழுக்க வேண்டாம். மூட்டுவாதம் உள்ளவர்கள், கைப்பலம் குறைந்த வயதானவர்கள் பலருக்கு அந்த ஸ்பிரிங்கை இழுப்பதே பெரும்பாடு. இவர்களை மனதில் வைத்து ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2018-ல் எளிதாக இழுக்கக்கூடிய ஒரு பிஸ்டலைத் தனியாகவே கொண்டுவந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று: உடம்போடு உடம்பாக ஒட்டி நடக்கும் இழுபறியில், பிஸ்டலின் முனை எதிராளியின் மேல் அழுந்தினால் ஸ்லைடு கொஞ்சம் பின்னால் தள்ளப்பட்டுச் சுடாமல் போகலாம். ரிவால்வருக்கு அந்தப் பிரச்சினை இல்லை. சுத்தியல் மறைந்த மாடலாக இருந்தால் துணியில் மாட்டவும் மாட்டாது.

நான்கு: காலியா இல்லையா என்று பார்ப்பது சுலபம். உருளையை வெளியே தள்ளினால் ஐந்து ஓட்டையும் கண்ணுக்குத் தெரியும். பிஸ்டலில் மேகசினைக் கழற்றியபிறகும் குழலுக்குள் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கும். "மேகசினை எடுத்துட்டேனே, காலிதானே" என்று நினைத்து ட்ரிகரை இழுத்தவர்கள் கதை அமெரிக்காவில் வருஷம் தவறாமல் வருகிறது.

ஐந்து: ட்ரிகர் கனமானது. ரிவால்வரில் நீளமாக, சுமார் ஐந்து கிலோ பலத்தோடு இழுக்க வேண்டும். க்ளாக் வகை பிஸ்டலில் அதில் பாதி. பதற்றத்தில் தெரியாமல் விரல் பட்டுவிடுவதற்கு எதிராக இது ஒரு தடுப்பு. நியூயார்க் போலீஸும் பிஸ்டலுக்கு மாறியபோது, ரிவால்வர் பழகிய கைகளுக்காக வேண்டுமென்றே கனமான ட்ரிகர் வைத்துத்தான் வாங்கியது.

ரிவால்வருக்குப் பாதகமானவை

மேலே சொன்ன ஐந்தாவதே இங்கேயும் முதலாவதாக வருகிறது. நானூற்றுச் சொச்சம் கிராம் எடையுள்ள ஒரு பொருளின் மேல் ஐந்து கிலோ இழுப்பு. இழுக்கிற வேகத்தில் முனை ஆடத்தான் செய்யும். குழல் இரண்டு அங்குலம்கூட இல்லை. குறி பார்க்க மேலே ஒரு பள்ளம், முன்னால் ஒரு மேடு, அவ்வளவுதான். துப்பாக்கி பழகியவர்களே ஜே ஃப்ரேமை "நிபுணர்களின் துப்பாக்கி" என்று சொல்வது புகழ்ச்சி அல்ல. கடைக்காரர் "பொம்பளைங்களுக்கு ஈஸி" என்று எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் இதைத்தான். சுடப் பழகுவதற்கு இதைவிடக் கஷ்டமானது அந்த அலமாரியில் அதிகம் இருக்காது.

பின்னுதைப்பும் அப்படித்தான். பிஸ்டலில் அந்த உதையின் ஒரு பகுதியை ஸ்லைடும் ஸ்பிரிங்கும் நேரத்தில் பரப்பிவிடுகின்றன. ரிவால்வரில் எல்லாம் நேராக உள்ளங்கைக்கு. எடை குறையக் குறைய உதை கூடும். பாக்கெட்டில் சுகமாக இருப்பது கையில் வலிக்கும். வலிக்கிற பொருளை வைத்து யார் வாராவாரம் பயிற்சி எடுப்பார்கள்?

"ரிவால்வர் மக்கர் பண்ணாது" என்பதும் பாதி உண்மைதான். எடை குறைந்த மாடலில் உதையின் வேகத்தில் அடுத்த தோட்டாவின் முனை கூட்டிலிருந்து நழுவி முன்னால் வந்து, உருளையையே சுற்றவிடாமல் பூட்டிவிடலாம். பாக்கெட் பஞ்சும் எரியாத மருந்துத் துகளும் உள்ளே சேர்ந்தாலும் உருளை இறுகும். பிஸ்டல் அடிக்கடி மக்கர் பண்ணலாம், ஆனால் அதில் பெரும்பாலானதை மேகசினைத் தட்டி ஸ்லைடை ஒருமுறை இழுத்துவிட்டால் சரிசெய்யலாம். ரிவால்வர் அபூர்வமாகத்தான் நிற்கும், நின்றால் பட்டறைக்குத்தான் போகவேண்டும்.

அகலமும் இருக்கிறது. பிஸ்டல் முழுக்கத் தட்டை. ரிவால்வரின் உருளை இடுப்பில் புடைத்துக்கொண்டு நிற்கும். பாக்கெட்டில் வைப்பவர்களுக்கு அந்த உருண்டை வடிவம் நல்லது, துப்பாக்கி மாதிரியே தெரியாது. பெல்ட்டுக்குள் செருகுபவர்களுக்குப் பிஸ்டல்தான் வசதி.

எண்ணிக்கைக் கணக்கு

இனி தலைப்பில் இருக்கும் கேள்விக்கு வருவோம். ஐந்தா, பதினொன்றா?

ராண்ட் ஆய்வு நிறுவனம் நியூயார்க் போலீஸுக்காக 2008-ல் ஒரு ஆய்வு செய்தது. 1998 முதல் 2006 வரையிலான சம்பவங்களில், எதிராளி திருப்பிச் சுட்டபோது போலீஸ் சுட்டதில் குறியில் பட்டது 18 சதவீதம். எதிராளி திருப்பிச் சுடாதபோதும் 30 சதவீதம்தான். சம்பளம் வாங்கிக்கொண்டு பயிற்சி எடுத்தவர்களின் கணக்கு இது. இதை அப்படியே பெருக்கிப் பார்த்தால், ஐந்து தோட்டாவில் 18 சதவீதம் என்பது முழுசாக ஒன்றுகூட இல்லை. பதினொன்றில் இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. பிஸ்டல் ஆட்களின் வாதம் இதுதான், வலுவான வாதமும்கூட.

ஆனால் அதே கணக்கை மறுபக்கமாகப் படியுங்கள். பதினொன்றில் இரண்டு பட்டால் மீதி ஒன்பது எங்கே போயிற்று? 2012 ஆகஸ்ட் 24 அன்று நியூயார்க்கில் எம்பயர் ஸ்டேட் கட்டிடத்துக்கு வெளியே, சற்று முன் ஒருவரைக் கொன்றுவிட்டு வந்த ஆயுததாரியை இரண்டு போலீஸ்காரர்கள் எதிர்கொண்டார்கள். பதினாறு தோட்டா சுட்டார்கள். அவன் இறந்தான். கூடவே தெருவில் போய்க்கொண்டிருந்த ஒன்பது பேர் தோட்டாவாலோ அதன் சிதறலாலோ காயப்பட்டார்கள். கையில் இருந்து கிளம்பிய ஒவ்வொரு தோட்டாவுக்கும் சுட்டவர்தான் கணக்குச் சொல்லவேண்டும். போலீஸ்காரருக்குப் பின்னால் ஒரு துறை நிற்கும், உங்களுக்குப் பின்னால் யார் நிற்பார்கள்?

அதனால் எண்ணிக்கை முக்கியமா என்றால், முக்கியம்தான். பட்ட சதவீதம் அதைவிட முக்கியம். அது கடையில் கிடைக்காது, பயிற்சி மைதானத்தில்தான் வரும். கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் மேகசினுக்குப் பத்து என்பதே உச்சவரம்பு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உறை என்ற சமாச்சாரம்

நம் சினிமாவில் கதாநாயகன் துப்பாக்கியை அப்படியே பேண்ட்டின் பின்பக்கம் செருகிக்கொண்டு நடப்பார். 2008 நவம்பரில் பிளாக்சிகோ பர்ரஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் நியூயார்க் இரவு விடுதி ஒன்றில் ஏறக்குறைய அதைத்தான் செய்தார். உறை இல்லாமல் இடுப்பில் இருந்த க்ளாக் காலுக்குள் நழுவியது. பிடிக்கப் போனார், தொடையில் குண்டு பாய்ந்தது. ஃப்ளோரிடாவில் அவர் வாங்கியிருந்த லைசென்ஸும் காலாவதி, அது நியூயார்க்கில் செல்லவும் செல்லாது. இரண்டு வருஷம் சிறைத்தண்டனை. முந்தைய சூப்பர் பவுல் போட்டியில் வெற்றிப் பந்தைப் பிடித்தவர் அவர்.

ட்ரிகரை முழுசாக மூடுகிற, கெட்டியான உறை இல்லாமல் எந்தத் துப்பாக்கியும் உடம்பில் இருக்கக்கூடாது. ட்ரிகர் லேசான பிஸ்டலுக்கு இது இரட்டிப்பு உண்மை. துப்பாக்கிக்குப் பணம் சேர்த்துவிட்டு உறைக்கு மிச்சம் பிடிப்பவர்கள் பர்ரஸை நினைத்துக்கொள்ளட்டும்.

கைப்பை இன்னும் மோசம். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில் கடைக்கு வந்த ஒரு இளம் தாய். துப்பாக்கி வைக்கவென்றே தனி அறை வைத்துத் தைத்த பை, சட்டப்படியான லைசென்ஸ். தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை பையைத் திறந்து விளையாடியது. அம்மா அந்த இடத்திலேயே இறந்துபோனார். "ரிவால்வராக இருந்திருந்தால் குழந்தையால் இழுத்திருக்க முடியாது" என்று இதைப் பற்றிச் சிலர் எழுதியிருக்கிறார்கள். ட்ரிகரின் கனத்தைப் பூட்டு என்று நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. குழந்தை இரண்டு கையாலும் இழுக்கும், இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கும். பூட்டு என்றால் பூட்டுதான். துப்பாக்கி உங்கள் உடம்பில் இருக்கவேண்டும், இல்லையா, பெட்டிக்குள் பூட்டியிருக்கவேண்டும். கைப்பை இரண்டும் இல்லை.

நம்மாட்கள் முதலில் பார்க்க வேண்டியது

மாடலைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் விசாவைப் பற்றிப் பேசவேண்டும். எச்-1பி, எஃப்-1 மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது பொதுவாக மத்தியச் சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவர் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. மாநிலச் சட்டம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இது மாறாது. "சும்மா ஒரு தடவை ரேஞ்சுக்குப் போய் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்ப்போம்" என்று வார இறுதியில் கிளம்பும் கூட்டத்துக்கும் இது பொருந்தும், ஏனென்றால் கையில் வாங்கினாலே அது உங்கள் வசம்தான். க்ரீன் கார்டு உள்ளவர்கள் வாங்கலாம். ஆனால் துப்பாக்கிக் குற்றம் ஒன்றில் தண்டனை பெற்றால் அது நாடு கடத்தலுக்கே காரணமாகும். பர்ரஸுக்கு நடந்தது க்ரீன் கார்டுக்காரருக்கு நடந்தால் இரண்டு வருஷத்தோடு முடியாது. இதில் சந்தேகம் இருந்தால் என்னைப் போன்ற ஆளிடம் கேட்காமல் குடியேற்ற வக்கீலிடம் கேளுங்கள்.

அடுத்தது, போகிற இடங்கள். மத்திய அரசுக் கட்டிடங்கள், தபால் நிலையம், பள்ளி இங்கெல்லாம் கூடாது. பல ஆஸ்பத்திரிகளில் ஊழியர்களுக்கே தடை. அப்படியானால் என் தோழி மாதிரி ஆட்கள் பன்னிரண்டு மணி நேரம் துப்பாக்கியைக் காரில் விட்டுத்தான் போகவேண்டும். காரில் கிடக்கும் துப்பாக்கி திருடனுக்குப் பரிசு. அவள் பயப்படுவது ஆஸ்பத்திரி வாசலில் இருந்து கார் வரைக்குமான தூரத்துக்கு. சரியாக அந்தத் தூரத்தில்தான் அது அவள் கையில் இருக்காது! காவலாளியைக் கூட வரச் சொல்வது அந்தத் தூரத்துக்கு உதவும். அதை அவளிடமும் சொன்னேன்.

மறதியும் ஒரு எதிரி. 2023-ல் அமெரிக்க விமான நிலையச் சோதனையில் பயணிகளின் கைப்பைகளில் பிடிபட்ட துப்பாக்கிகள் 6,737. அதில் 90 சதவீதத்துக்கு மேல் தோட்டா நிரப்பியவை. வழக்கமாகச் சொல்லும் காரணம், "பையில இருந்ததே மறந்துபோச்சு." தினமும் சுமக்கிற பொருள் கொஞ்ச நாளில் சாவிக்கொத்து மாதிரி ஆகிவிடுகிறது. அதுதான் ஆபத்து.

வீட்டுக்குள் வருகிற கணக்கு

இந்தப் பகுதியை எழுதாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் அரைகுறை.

2022-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000-க்கு மேல். அதில் சுமார் 27,000 பேர் தற்கொலை. பாதிக்கு மேல். கலிபோர்னியாவில் இரண்டரைக் கோடிக்கும் அதிகமானவர்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்த ஒரு ஆய்வு 2020-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் விகிதம், இல்லாதவர்களைப்போல் சுமார் எட்டு மடங்கு. பெண்களுக்கு 35 மடங்கு. மற்ற வழிகளில் முயன்றவர்களில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள், பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை. துப்பாக்கி அந்த இரண்டாம் வாய்ப்பைக் கொடுப்பதில்லை.

இதில் ரிவால்வர், பிஸ்டல் என்ற வித்தியாசமே கிடையாது. வாங்குகிறவர் வெளியே இருக்கும் ஒரு அந்நியனை நினைத்து வாங்குகிறார். ஆனால் அந்தப் பொருள் வசிக்கப்போவது அவர் வீட்டில், மனசு சரியில்லாத நாளும் பரீட்சையில் தோற்ற பிள்ளையும் உள்ள வீட்டில். வீட்டில் யாருக்காவது அப்படி ஒரு காலம் ஓடிக்கொண்டிருந்தால், இப்போது வாங்க வேண்டாம். இருந்தால் கொஞ்ச நாளைக்கு வேறு இடத்தில் ஒப்படைத்து வையுங்கள். அமெரிக்காவில் 988 என்ற எண்ணை அழைத்தால் எந்த நேரமும் பேச ஆள் இருப்பார்கள்.

அப்போ எதுதான்?

எல்லாம் படித்தபிறகும் "பதிலைச் சொல்லுய்யா" என்பவர்களுக்காக, நான் புரிந்துகொண்டது இது.

சட்டப்படி தகுதி உண்டு, வீட்டில் பூட்டும் பெட்டி உண்டு, மாதம் ஒருமுறையாவது பயிற்சிக்குப் போவேன் என்கிறவருக்கு ஒரு அங்குலத் தடிமன் உள்ள 9 மி.மீ பிஸ்டல்தான் பொருத்தம். சுடச் சுலபம், நிரப்பச் சுலபம், பயிற்சி எடுக்க எடுக்கக் கை தேறும். பெல்ட்டில், ட்ரிகரை மூடும் உறையில்.

ஸ்லைடை இழுக்க முடியாத கை, பாக்கெட்டில்தான் வைக்கமுடியும் என்ற உடை, அல்லது மேகசின், குழல் என்று இரண்டு இடத்தில் காலியா என்று பார்க்கும் பழக்கம் வராது என்று தன்னைத் தெரிந்து வைத்திருப்பவர், இவர்களுக்கு ரிவால்வர். அதிலும் ரொம்ப லேசான மாடலை விட்டுவிட்டு, கொஞ்சம் கனமான எஃகு மாடல். நூறு கிராம் கூடினால் இடுப்புக்குத் தெரியும், ஆனால் கை நன்றி சொல்லும்.

இரண்டில் எதுவாக இருந்தாலும் வாங்கும் முன் ரேஞ்சில் இரண்டையும் வாடகைக்கு எடுத்து ஐம்பது தோட்டா சுட்டுப் பாருங்கள் (விசா நிலை அனுமதித்தால் மட்டும்). ஐம்பதாவது தோட்டாவிலும் கை நடுங்காமல் எது குறியில் படுகிறதோ அது உங்களுடையது. கடைக்காரர் சொல்வதும் யூட்யூப்காரர் சொல்வதும் நான் சொல்வதும் அதற்கு அப்புறம்தான்.

பயிற்சிக்கு நேரமில்லை, பூட்டுப்பெட்டி வாங்க இப்போதைக்குப் பணமில்லை, "சும்மா பையில கிடக்கட்டும்" என்கிறவர்களுக்கு மூன்றாவது பதில் ஒன்று உண்டு. எதுவும் வேண்டாம். ஐந்து தோட்டாவும் வேண்டாம், பதினொன்றும் வேண்டாம். அந்தக் காசுக்கு நல்ல டார்ச் லைட்டும் வாசலுக்கு ஒரு கேமராவும் வாங்கலாம். தவறிப்போய் அவற்றைக் குழந்தை எடுத்து விளையாடினாலும் ஒன்றும் ஆகாது.